முடிச்சில் இருந்த சதுரக் காசு

என் அப்பா ஸ்டானிஸ்லாஸ் பயந்த சுபாவம். சிங்கப்பூர் பாதையில் உள்ள குளுவாங் ரயில் நிலையத்தில் டிக்கெட் கிராணி, அதாவது குமாஸ்தா. இடி இடித்தால் ஜெபமாலையைத் தேடுவார். ஸ்டேஷன் மாஸ்டர் செருமினால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே துணிச்சல் காசு பொறுக்குவதுதான். கவுண்டரில் விழுந்த சில்லறையை மாலையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். அச்சில் பிசகிய காசு அகப்பட்டால், சட்டைப்பையிலிருந்து நல்ல காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். விளிம்பு கோணியது, வருஷம் பாதி விழாமல் போனது என்று முப்பது காசுகள் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்திருந்தன.

"புள்ளைங்க முகத்த என்னைக்காச்சும் இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?" என்று அம்மா கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே டின்னை மூடுவார்.

ஜப்பான்காரன் வந்ததும் டின் கோழிக்கூண்டுக்கு அடியில் மண்ணுக்குள் போனது. வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட காசு வைத்திருந்தால் ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பித்தாய் பிடித்துக்கொண்டு போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. மெய்யோ பொய்யோ, அப்பாவுக்குப் பேச்சே போதும். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பெண் என்று தெரியாமலிருக்கத் தலைமயிரை ஒட்ட வெட்டி, தம்பியின் கால்சட்டையை மாட்டி என்னை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டால் அரிசி மூட்டைகள் இருந்த இடத்தில் ஒளிந்துகொள்வேன். மூட்டைகள் எப்போதோ காலி.

1943ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜொஹரா அக்கா பின்வாசல் வழியாக வந்தார். ஸ்டேஷனுக்கு எதிரே காப்பிக் கடை வைத்திருந்த அப்துல் ஹலீமின் மனைவி. கையில் பச்சைத் துணி முடிச்சு ஒன்று.

"கிராணி அண்ணே, பத்து நாளா அவருக்குக் காய்ச்சல். மச்சானுக்குக் கண்ணு தொறக்கவே முடியல. விக்கிறதுக்கு வீட்டுல ஒண்ணுமில்ல."

"அந்தத் துணி என்ன, தங்கச்சி?"

"நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்து முடிஞ்ச காசு. அவசரத்துல கல்லாப் பெட்டியில கைக்கு வந்தத எடுத்து முடிஞ்சேன். முடியும்போது விரல்ல தட்டுப்பட்டுச்சு, ஒரு பக்கம் ராஜா மூஞ்சி குழிஞ்சிருந்துச்சு. நீங்க இந்த மாதிரி காசு தேடுவீங்களே."

அந்த முடிச்சை அவிழ்க்க ஜொஹரா அக்காவுக்குக் கை வரவில்லை. நேர்ச்சைக்கு முடிந்த காசை, நேர்ந்தது பலிக்கும் முன் அவிழ்க்கக் கூடாது. வேறு காசு வைத்து ஈடுகட்டவும் கூடாது. அது அவர்கள் வழக்கம். "அல்லா மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

சாதாரணச் சதுர ஒரு சென்ட் காசுதான். ஒரு பக்கம் ராஜா தலை சரியாகப் புடைத்திருந்தது. மறுபக்கம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அதே தலை, திரும்பின வாக்கில், உள்ளே குழிந்திருந்தது. அப்பா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"முன்னாடி அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கிட்டு, அடுத்த காசு மேல பதிஞ்சிருக்கு. இதக் கேள்விப்பட்டிருக்கேன், பாத்ததில்ல. நல்ல காலமா இருந்தா சிங்கப்பூர்ல அம்பது வெள்ளி குடுப்பான், தங்கச்சி. இன்னைக்கு இதுக்கு ஜெயில்தான் கெடைக்கும்."

எங்கள் வீட்டில் மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை பன்னிரண்டு இருந்தது. ரயில்வேயில் கிடைத்தது, எங்களுக்கென்று அம்மா பூட்டி வைத்திருந்தது. அப்பா அதை எடுத்து வந்தார். கொடுப்பதற்கு முன், "ஹலீம் எழுந்து நடக்குறாரா?" என்று கேட்டார்.

"ஒக்காரவே முடியலண்ணே."

அப்பா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு காசை வாங்கிக்கொண்டு, மாத்திரையை ஜொஹரா அக்கா கையில் வைத்தார். மாத்திரையைக் கொடுக்க மனமில்லாமல் தவிக்கிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை ஹலீம் அண்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். வியாழக்கிழமை காலையில் கடைவாசலில் வெயில் காய நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்தார்கள். காய்ச்சலில் படுத்துக் கிடந்தவர்களை விட்டுவிட்டார்கள். உட்கார முடிந்தவர்களை ஏற்றினார்கள். ஸ்டேஷனில் நான்கு சரக்கு வேகன்கள் தயாராக நின்றன. கதவைச் சாத்தும்போது அப்பா பிளாட்பாரத்தில்தான் இருந்தார்.

மறுநாள் ஜொஹரா அக்கா வந்தார். மாத்திரை கொடுத்து எழுப்பி உட்கார வைத்ததற்குச் சண்டை போடுவார் என்று நான் உள்ளே ஒளிந்துகொண்டேன். அவர் அழக்கூட இல்லை.

"எல்லாம் நான் முடிச்ச அவுத்ததால வந்தது. அந்தக் காசத் திருப்பிக் குடுத்துருங்கண்ணே. மறுபடி முடிஞ்சிடறேன்."

அப்பா பட்டப்பகலில் கோழிக்கூண்டை நகர்த்தி வெறும் கையால் மண்ணைத் தோண்டி டின்னை எடுத்தார். யாராவது பார்ப்பார்களே என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஜொஹரா அக்கா எங்கள் சமையல்கட்டிலேயே காசை முடிந்து, மடியில் செருகிக்கொண்டு போனார். அப்பா மீதிக் காசுகளைக் கிணற்றில் கொட்டிவிட்டார்.

ஜப்பான் சண்டை முடிந்து, சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஜொஹரா அக்கா வருவதற்கு முன்பே அப்பா பிளாட்பாரத்தில் நிற்பார். ஹலீம் அண்ணன் எந்த வண்டியிலும் இறங்கவில்லை.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தம்போய் என்ற ஊரில் என் வீட்டில் இருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை ஆளு ஏத்த வேகன் வருதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தந்தி என் மேசைக்குத்தான் வந்துச்சு."

"மாத்திரை குடுக்காட்டி காய்ச்சல்லயே போயிருப்பாருப்பா."

"மாத்திரை குடுத்தது சரிதான். கூடவே, வியாழக்கிழமை மட்டும் அவர வெளிய விடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொண்ணு யார்கிட்டயாச்சும் சொல்லிட்டா என் தலை போயிரும்னு பயந்துட்டேன். நீ போயி அவங்ககிட்ட சொல்லு. முடிச்சு மேல தப்பில்லன்னு சொல்லு."

அடக்கம் முடிந்த வாரமே பஸ் ஏறி குளுவாங் போனேன். வழி நெடுகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். காப்பிக் கடையில் கல்லாவுக்கு மேலே ஆணியில் அந்தப் பச்சை முடிச்சு தொங்கியது, புகையேறி, கறுத்து. ஜொஹரா அக்கா எனக்குக் காப்பி ஆற்றிக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார்.

"கிராணி அண்ணன் மாதிரி மனுஷன் யாரு இருக்கா, ஐலீன்? புள்ளைங்களுக்கு வச்சிருந்த மருந்தத் தூக்கிக் குடுத்தாரே. பாவி, முடிச்ச அவுத்தது நான்தான்."

வாயைத் திறந்தேன். அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்ததும் மூடிக்கொண்டேன். காப்பியைக் குடித்து முடித்து, வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் என் அப்பாவின் மகள்தான்.