பூஜ்யம் வைத்த முழங்கால்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்கு டைல்ஸ் பதிப்பவர்; மட்டம் பார்க்க அந்தக் கருவியே அவருக்குத் தேவையில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுமுன்னே தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவார். முழங்கால் உடைந்து எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வாய் சும்மா இருக்கவில்லை. "டாக்டர், உங்க வார்டைக் கழுவினா தண்ணி என் கட்டிலுக்கு அடியிலதான் நிக்கும்" என்றார் பெரிய டாக்டரிடம். அங்கேதான் நின்றது.

நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். வீட்டுக்குப் போகும்போது அவர் தொடைக்கு ஒன்று, கெண்டைக்காலுக்கு ஒன்று எனச் சென்சார் வைத்த இரண்டு பட்டைகள் கொடுத்தனுப்பினேன். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அவை என் போனுக்கு அனுப்பும். தினமும் பயிற்சிக்கு முன் காலை நேராக நீட்டி, பொத்தானை அழுத்திப் பூஜ்யம் வைக்க வேண்டும். குந்தி வேலை செய்ய குறைந்தது நூற்றிருபது டிகிரி மடங்க வேண்டும்.

ஆறு வாரமாகியும் எண்பதைத் தாண்டவில்லை. போனில் கூப்பிட்டார். "போதும் தம்பி. இதுக்குமேல இந்தக் கால் கேக்காது."

"சரிண்ணே" என்றேன். ஒரு தடவை நேரில் வரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பயிற்சியை நிறுத்தினார், கருவிகளை விற்றார், தொழிலுக்கு முழுக்குப் போட்டார். ஒரு கம்பெனி வாசலில் காவலாளியாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்துப் பட்டைகளைத் திரும்ப வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். "எப்படிக் கட்டுனீங்க அண்ணி?" என்று சும்மாதான் கேட்டேன். அவர் மனைவி புருஷனைப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணையைச் செருகி, பொத்தானை அழுத்திக் காட்டினார்.

"நீட்டினா வலியில பல்லைக் கடிப்பாரு தம்பி. அதான் தலகாணி. ஒருநாள்கூட மறக்கல."

தலையணையே முப்பது டிகிரி. மடங்கிய காலைச் சென்சார் நேர்க்கால் என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து எண்ணியிருக்கிறது. அன்றைக்கே நூற்றுப்பத்து மடங்கியிருக்கிறது அவர் கால். இன்னும் ஒரு மாதம் விடாமல் செய்திருந்தால் குந்தியிருப்பார். எப்படிப் பூஜ்யம் வைக்கிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

தலையணையை எடுத்துவிட்டு, காலை நேராக்கி, பூஜ்யம் வைத்தேன். "மடக்குங்கண்ணே."

முகம் வியர்க்க மடக்கினார். சும்மா இருந்த மூட்டு இறுகிப்போயிருந்தது. நூற்றுப்பத்து மடங்கிய கால்; போனில் இப்போது எண்பத்திரண்டு என்று வந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, அப்போதைக்கு இப்போ ரெண்டு கூடியிருக்கே!"

அவரும் சிரித்தார்.

"ஆமா அண்ணி" என்றேன்.