கடைசி இரண்டு பாரங்கள்

சிறு பதிப்பகம் நடத்துகிறவர்களுக்குக் கண் கெடும், முதுகு வலிக்கும், எழுத்தாளர்கள் கோபிப்பார்கள். இதில் கடைசி நோய்க்குத்தான் எந்த மருந்துக்கடையிலும் மாத்திரை இல்லை. அச்சுப்பிழையால் ஒருதரமாவது தலைகுனிந்து நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மேசையைச் சுற்றி

கொழும்பு வெள்ளவத்தையில் என் பதிப்பகம் என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். அச்சகத்திலிருந்து தாள்கள் பதினாறு பக்கமாக மடித்து வரும். ஒரு மடிப்பு ஒரு பாரம். மேசையைச் சுற்றிப் பாரங்களை வரிசையாகக் குவித்துவிட்டு, நடந்து நடந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினால் ஒரு புத்தகம். ஜெராட்டின் நாவலை அடுக்கும்போது பாதியில் குவியல்கள் தீர்ந்தன. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மணியடித்த அவசரத்தில், புதுக் குவியல்களில் கடைசி இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

ஜெராட் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஆறு வருடமாக எழுதிய முதல் நாவல் இது. அதில் கடலைப் பார்ப்பதே குற்றம் என்று சட்டம் போட்ட ஒரு நகரம். கடற்பக்க ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். பதினோராம் அத்தியாயத்தில் மரியா என்ற பெண் ஒரு கல்லைப் பெயர்த்துக் கடலைப் பார்க்கிறாள். பன்னிரண்டாவதில் பிடிபடுகிறாள், கதை முடிகிறது. அந்த இரண்டு அத்தியாயங்களும் ஆளுக்கொரு பாரம். என் கைங்கரியத்தால் பாதிப் பிரதிகளில் அவள் முதலில் பிடிபட்டு, பிறகு கடலைப் பார்த்தாள். விஷயம் தெரியவருமுன் நிறையப் பேர் வாங்கிப் போய்விட்டார்கள்.

ஜெராட் தன் பிரதியை மேசையில் வைத்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "அக்கா, மிச்சத்தக் கட்டி வைங்க. இனி நான் எழுதமாட்டேன்."

வாளி யார்?

அந்த நாவலில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நீல வாளி இருக்கும். ஏன் என்று ஜெராட் எங்கேயும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பொறியியலாளர் குணரத்தினம் ஐயா போனில் அரைமணி நேரம் விளக்கினார்: பூட்டிய கடலில் மக்கள் ஒளித்துவைத்த பங்குதான் வாளியாம். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே மரக்கறி வெட்டி முடித்தேன். பிறகு ஜெராட்டையே கேட்டபோது, "எங்கட வீட்டுல நீல வாளிதான் இருந்திச்சு" என்றார்.

நாவலை வாசித்துவிட்டு, மாளிகாவத்தை மாடிக்குடியிருப்பிலிருந்து வேறு புத்தகம் வாங்க வந்த ஃபரீதா டீச்சருக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வாளியைத்தான் வரிசையில் விடுவார்கள். "ஆள் வேலைக்குப் போனாலும் வாளி லைன்ல நிக்கும். அதுல யாரும் கைவைக்க மாட்டாங்க. அப்ப அது வாளியில்ல, ஆள்."

வாசகர் வட்டம்

அந்த நாவலைப் பேசுவதற்கு வெள்ளவத்தை வாசகர் வட்டம் ஏற்கெனவே நாள் குறித்திருந்தது. வரமாட்டேன் என்ற ஜெராட்டைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். வாசகர்கள் முகத்தைப் பார்த்தால் மனம் மாறுமோ என்று ஒரு ஆசை. ஃபரீதா டீச்சர் எழுந்து, "இவ்வளவு இருட்டான முடிவு தேவையா?" என்று கேட்டார். குணரத்தினம் ஐயா துள்ளி எழுந்தார். "என்ன இருட்டு? கடைசியில கடல் தெரியுதெல்லே! பக்க எண்ணும் பின்னுக்குப் போகுது. சிறையில இருந்துகொண்டு அவள் காலத்தையே திருப்பிறாள்!"

இருவரும் ஒரே புத்தகத்தை வாசிக்கவில்லை என்பது அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஜெராட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, கேஸ் சிலிண்டர் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐயா தன் பிரதியை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "நீங்கள் கட்டினது பிழையா இருக்கலாம் பிள்ளை. நான் விளங்கினது பிழையில்லை."

மாற்றித் தாங்க

கூட்டம் முடிந்ததும் ஃபரீதா டீச்சர் ஐயாவின் பிரதியை வாங்கி, கடைசிப் பக்கங்களை நின்றபடியே வாசித்தார். பிறகு ஜெராட்டும் நானும் நின்ற இடத்துக்கு நேரே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தன் பிரதியை நீட்டி, "எனக்கு இந்தப் பிழையானதத் தாங்க. சரியானத வாசிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல்ல" என்றார்.

பஸ் தரிப்பிடத்தில்

காலி வீதியில் ஜெராட்டின் பஸ்ஸுக்காக நின்றோம். அவரை எழுதவிடாமல் செய்துவிட்டேன் என்ற பயம் என்னை விடவில்லை. மிச்சப் பிரதிகளைப் பிரித்துச் சரியாக அடுக்கித் தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"வேணாம் அக்கா. சரியா இருக்கிறதையும் மாத்திக் கட்டுங்க, எல்லாத்துலயும் மரியா கடலைப் பார்த்தே முடியட்டும். எழுதக்குள்ள எனக்கு அந்தத் தைரியம் இருக்கல்ல. அடுத்ததுல இருக்கும்."

செய்த பிழைக்கு நன்றி கிடைப்பது எங்கள் தொழிலில் ஆயுளுக்கு ஒருமுறைதான் என்பதால், அவருடைய அடுத்த நாவலை அடுக்கும் நாளில் வாசல்மணியைக் கழற்றி வைத்துவிடுவதாக இருக்கிறேன்.