தட்டில் பலிக்கும் மருந்து

எங்கள் தொழிலில் எலிக்குக் குணமாகாத புற்றுநோயே கிடையாது. மனிதர்கள்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாம்பரத்தைத் தாண்டி, படப்பை போகிற வழியில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அளவில் கொழுப்பு உருண்டை பிடித்து, அதற்குள் ஒரு ஜீனை வைத்து, புற்றுநோய் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. போய்ச் சேர்ந்தால், "வளர்ந்தது போதும், செத்துப் போ" என்று அந்த ஜீன் செல்லுக்குச் சொல்லும். சொல்லும் என்றுதான் நம்பிக்கை. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்டதும் சாம்பார் தொண்டையில் நிற்கிற வேலையில் இருக்கும் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முடிச்சூர் ரோட்டில் ஒரு விளக்கம்

நான் வழக்கமாக ஏறுகிற ஷேர் ஆட்டோ பாபு அண்ணாவுடையது. ஒரு மழைநாளில் முடிச்சூர் ரோடு மொத்தமும் அசையாமல் நிற்க, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா மேடம் வேலை உங்களுக்கு? லீவு நாள்லகூட பையத் தூக்கினு கெளம்பிடுறீங்க." எனக்கோ கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். உருண்டை, ஜீன், செல் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவரும் ஹார்ன் அடிக்காமல் கேட்டார்.

"மருந்து கடைக்கு வந்துட்சா?" என்றார் கடைசியில். இல்லை அண்ணா, இப்போது கண்ணாடித் தட்டில் வளர்க்கிற செல்லில் பார்க்கிறோம், அடுத்து எலி, அதற்கப்புறம்தான் மனிதர்கள், வருஷக்கணக்கில் ஆகும் என்றேன். முன்னால் நின்ற தண்ணீர் லாரியைக் கைகாட்டினார். "அப்ப நம்ம கேஸ்தான். இஞ்சின் ஓடிக்கினே கீது, வண்டிதான் நவுர மாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு சத்துநீர் இருக்கிறது. அதை வேளாவேளைக்கு மாற்றாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். புற்றுநோயைச் சாகடிக்க வேண்டுமென்றால் முதலில் அதைச் செல்லமாக வளர்க்க வேண்டும் என்பது எங்கள் பிழைப்பின் அழகு.

என் அக்கா எஸ்தர் அஸ்தினாபுரத்தில் இருக்கிறாள். பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிறு சர்ச் முடிந்ததும் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவளுக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஒருமுறை போய், திரும்பி வந்துவிட்டது. இப்போது ஏறுகிற மருந்துதான் கையிருப்பில் கடைசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் உருண்டை சீக்கிரம் தயாராக வேண்டும் என்று ஊரில் யாரைவிடவும் நான் தவித்தேன். மீன் குழம்பைப் பாதியில் விட்டு "செல்லுக்குச் சாப்பாடு போடணும்க்கா" என்று நான் எழுந்தபோது, அவள் தட்டிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போ போ. இங்கே இருக்கிற கேன்சருக்கு நான் சோறு போடறேன், அங்கே இருக்கிறதுக்கு நீ போடு. நம்ம குடும்பத்துல அதுக்கு ஒரு குறையும் வெக்கலை."

பச்சை

உருண்டை செல்லுக்குள் போனதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நிஜ ஜீனுக்குப் பதிலாக, செல்லைப் பச்சையாக ஒளிரவைக்கும் ஜீனை முதலில் வைத்து அனுப்புவோம். உள்ளே போய்ப் பிரிந்தால் பச்சை; இல்லாவிட்டால் இருட்டு. மாதக்கணக்கில் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை மைக்ராஸ்கோப் முழுக்கப் பச்சை. கூட வேலை பார்க்கும் ரஃபீக் ஓடிவந்து பார்த்தான்.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "என் தங்கச்சி பண்ணது" என்று எழுதினாள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவில் முதல் பதில் படப்பையிலிருக்கும் எங்கள் பெரியப்பாவிடமிருந்து வந்தது, குரல் செய்தியாக: "பட்டாணி நல்லா பருமனா வந்திருக்கும்மா, எஸ்தர் வீட்டுக்கு ரெண்டு கிலோ குடுத்துட்டு மிச்சம் இருந்தா இங்கே அனுப்பு."

ரத்தம் கலந்தபோது

எங்கள் லேப்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. உருண்டையை விடுவதற்கு முன், செல் குளித்துக்கொண்டிருக்கும் சத்துநீரை எடுத்துவிட்டு, ரத்தப் புரதம் எதுவும் கலக்காத சுத்தமான நீரை ஊற்றிவிடுவோம். உருண்டைக்குத் தொந்தரவு இருக்காது. எல்லாரும் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். படத்தைப் பார்த்த, எங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற கைடு மேடம் பாராட்டினார். பிறகு, "அதையே ரத்தப் புரதம் கலந்து ஒருமுறை பண்ணிடு ஜாய்" என்றார்.

பண்ணினேன். இருட்டு. திரும்பவும் பண்ணினேன். மூலையில் ஏதோ இரண்டு செல் மட்டும் மினுக்கியது. ரத்தத்தில் இருக்கும் புரதமெல்லாம் உருண்டைமேல் அப்பிக்கொள்கிறது; அப்புறம் அது எந்த செல்லின் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை. அக்காவின் உடம்பில் ஓடுவது ரத்தம்தானே. மேடம் அறைக்குப் போய் முடிவைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம மருந்து, உடம்புல ரத்தமே இல்லாத பேஷண்டுக்குப் பிரமாதமா வேலை செய்யும். அப்படி யாராவது கிடைச்சா சொல்லு."

அக்கா வந்த நாள்

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் ஒருநாள் வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். நாங்கள் உருண்டைக்கு மேல் பூச்சை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருந்தோம். ஒரு பூச்சில் ரத்தப் புரதத்தைத் தாண்டியும் ஓரளவு பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது. மேடத்திடம் கேட்டுக்கொண்டு அவளைக் கூட்டிவந்தேன். முடி கொட்டின தலையில் ஸ்கார்ஃப், கையில் ஹேண்ட்பேக், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவளைப் போலத்தான் நடந்தாள்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. "இது யாரோட கேன்சர்?" என்றாள். எந்த நாட்டிலோ, பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தது, உனக்கு வந்த அதே நோய்தான், அதைத்தான் உலகமெங்கும் பெருக்கிப் பெருக்கி வளர்க்கிறார்கள் என்றேன். "அவங்க?" என்றாள். இருக்க வாய்ப்பில்லை அக்கா என்றேன். தினமும் அந்தத் தட்டைத் தொடுகிற எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. அவள் கண்ணை எடுக்காமலே பேசினாள். "அவங்களும் யாரையாவது பார்த்து, எப்ப மருந்து வரும்னு கேட்டுக்கிட்டே இருந்திருப்பாங்க, இல்ல?"

அக்காவின் தட்டு

அந்த நோயில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அவ்வப்போது ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வடித்து, கொட்டிவிடுவார்கள். அதில் புற்றுநோய் செல்கள் மிதக்கும். "கொட்டறதைத்தானே கேக்கறேன், ஜாய் லேபுக்குக் குடுங்க" என்று அக்கா டாக்டரிடம் அவளாகவே பேசிவிட்டாள். அனுமதி எல்லாம் முறைப்படி வாங்கினோம். அக்கா தங்கை என்பதால் அந்தத் தட்டைத் தொட எனக்குத் தடை; ரஃபீக்தான் செய்ய வேண்டும் என்றார் மேடம். நான் கையைக் கட்டிக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

இந்த முறை புதுப் பூச்சு பூசிய உருண்டைக்குள் பச்சை ஜீன் இல்லை, நிஜ ஜீன். ரத்தப் புரதமும் கலந்திருந்தது. சில நாள் கழித்து ரஃபீக் என்னைக் கூப்பிட்டு, எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான். செல்கள் தட்டிலிருந்து பெயர்ந்து, சுருங்கி, செத்து மிதந்தன. என் அக்காவை வாட்டுகிற அதே புற்றுநோய், என் கண் முன்னால், எங்கள் மருந்தில் செத்துக் கிடந்தது. இத்தனை நாள் எதற்கு ஏங்கினேனோ அது நடந்தேவிட்டது; ஒரு கண்ணாடித் தட்டில். எலி, அதற்கப்புறம் பெரிய மிருகம், அனுமதி, அதற்கப்புறம்தான் மனிதர். அக்காவிடம் அவ்வளவு நாள் இல்லை. மேடத்துக்கும் தெரியும், ரஃபீக்குக்கும் தெரியும்.

அன்று மாலையே அஸ்தினாபுரம் போனேன். அக்கா வீட்டுக்காரரான மாமா அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார். மறைக்க மனசு வராமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் கணக்கின் கடைசி வரியைப் போர்டில் எழுதுகிற தெளிவோடு சொன்னாள்: "சரி, என் கேன்சருக்கு மருந்து இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே அது அங்கேருந்து இங்கே வரணும், அவ்வளவுதானே ஜாய்?"

எங்கள் லேபிலிருந்து அஸ்தினாபுரத்துக்கு முக்கால் மணி நேரம் என்று போனில் மேப் காட்டுகிறது. அதைப் போட்டவர் எங்கள் தொழிலில் இருந்ததில்லை.