கண்ணாடிக்காரம்மா நீட்டும் முதல் பக்கம்

மூக்கின் மேல் கண்ணாடியை உட்காரவைத்து, காதோரம் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இப்பப் படிங்க" என்கிறார் கண்ணாடிக்காரம்மா. மற்ற கடைகளில் இந்த நேரத்துக்கு ஓர் அட்டையை நீட்டுவார்கள். எழுத்துகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். இவர் நீட்டுவது புத்தகம், முதல் பக்கம் திறந்தபடி. எதிரே இருக்கும் பஸ் கண்டக்டர் உதட்டை அசைத்து அசைத்துப் படிக்கிறார். பக்கம் முடிந்ததும் அவர் பாட்டுக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். "எடுத்துட்டுப் போங்க. ஒரு புஸ்தகம் முழுசாப் படிச்சாத்தான் கண்ணாடி ஒத்துக்கிச்சான்னு தெரியும்" என்று இவர் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய கடை. சுவர் முழுக்க வெற்று ஃப்ரேம்கள். மேசையில் மூன்று புத்தக அடுக்குகள்: தன்வரலாறு, கதை, சரித்திரம். பக்க அடையாளத்துக்குக் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியைக் கத்தரித்து வைத்திருக்கிறார். ஐம்பத்து நாலு வயதாகியும் இவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மூக்கின் மேல் ஒரு கறுப்பு ஃப்ரேம் இருக்கும். கண் அரித்தால் அதற்குள்ளேயே விரலை விட்டுச் சொறிந்துகொள்வார். பார்க்கிறவர்கள் திடுக்கிட்டால், "கடைக்காரியே கண்ணாடி போடலைன்னா யாருங்க நம்புவாங்க?" என்பார்.

யாருக்கு எந்தப் புத்தகம் என்பதில் இவருக்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்து அடியிலுள்ள பொடி எழுத்தை வாசிக்கச் சொல்வார். கையை நீட்டித் தூரத்தில் பிடிக்கிறவர்களுக்குச் சரித்திரம். முகத்தருகே கொண்டுபோகிறவர்களுக்குத் தன்வரலாறு. "அடுத்தவங்க வீட்டு ஜன்னல எட்டிப் பாக்குற ஆளுங்க" என்று அதற்கு விளக்கம் வேறு. நடுவில் பிடிக்கிறவர்களுக்குக் கதை. கதைச் சுருக்கம் சொல்லமாட்டார், எழுதியவர் பெயரைச் சொல்லமாட்டார். சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆனால் கொடுத்த புத்தகம் பாதியில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தேன் என்றால், எனக்கு வயிறு எரிகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வார இதழில் 'படித்ததில் பிடித்தது' என்று பதினோரு வருடமாக எழுதிவருகிறேன். உயிரைக் கொடுத்து எழுதுகிறேன். அதற்கு இதுவரை வந்த கடிதங்கள் இரண்டு. ஒன்று அச்சுப்பிழையைச் சுட்டியது, இன்னொன்று வேறு யாருக்கோ வரவேண்டியது. இந்த அம்மா வாயைத் திறக்காமல் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறார், கறிக்கடைக்காரர் கப்பல் சமையல்காரரின் தன்வரலாற்றை முடித்துவிட்டு வந்து, "அப்புறம் அந்த ஆளு ஊர் போய்ச் சேந்தாரா இல்லையா?" என்று சண்டை போடுகிறார்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். போன மாதம் என் மனைவி அங்கே கண்ணாடி வாங்கினாள். கூடவே தபால் துறையின் சரித்திரம் ஒன்று வீட்டுக்கு வந்தது, அறுநூறு பக்கம். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, இவள் நின்றபடி படித்துக்கொண்டிருக்கிறாள். "என்னங்க, இப்படி ஒரு புஸ்தகம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று என்னையே கேட்டாள். அதே புத்தகத்தைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன் இரண்டு வாரம் தொடர்ந்து எழுதியிருந்தேன். சொன்னேன். "அப்படியா?" என்று பக்கத்தைப் புரட்டினாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி தடுமாறியது. நானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். வெளிவந்து ஒன்பது வருடமாகிறது, பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. என் மனைவி இருபதாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. இந்த அம்மா கையால் அது ஒரே ஒரு ஆளுக்குப் போய்விட்டால் போதும் என்றிருந்தது. காதுப் பிடி தளர்ந்துவிட்டதென்று என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் திருப்புளி தேடி உள்ளே போன சமயம், ஒரு பிரதியைக் கதை அடுக்கின் மேல் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

நேரம் கூடிவந்தது. ஒரு தையல்காரர் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். அதை மாட்டிக்கொண்டு, பெட்டி அடியிலிருந்த பொடி எழுத்தைக் கடகடவென்று வாசித்தார்; கையும் நடுவில்தான் இருந்தது. கண்ணாடிக்காரம்மா கதை அடுக்கின் மேலிருந்ததை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து நீட்டினார். நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன்.

தையல்காரர் படித்தார். பாதிப் பக்கம் போனார். திரும்ப மேலே வந்தார். மறுபடி பாதிப் பக்கம். பிறகு நிமிர்ந்து, "அம்மா, பவர் தப்பாப் போட்டுட்டீங்களா? வரி நகரவே மாட்டேங்குதே" என்றார்.

கண்ணாடிக்காரம்மா புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் என் புகைப்படம் இருக்கிறது, தலை நிறைய முடியோடு. பிறகு பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். நான் சட்டென்று சுவர் ஃப்ரேம்களை எண்ணத் தொடங்கினேன்.

"பவரெல்லாம் சரியாத்தாங்க இருக்கு. கண்ணாடிலதான் அழுக்கு" என்றார். புத்தம் புதிய அந்தக் கண்ணாடியைத் தையல்காரர் முகத்திலிருந்து கழற்றி, இரண்டு பக்கமும் வாயால் ஊதி, என் பக்கம் திரும்பாமல், நெடுநேரம் துடைத்துக்கொண்டேயிருந்தார்.