பாதி வண்டி

எங்கள் பாகப்பிரிவினையில் ஒரு மோட்டார் வண்டியை இரண்டாகப் பிரித்தோம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. நிலத்தைப் பிரிப்பார்கள், வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புவார்கள், கிணற்றுத் தண்ணீரை நாள் முறை வைத்துப் பிரிப்பார்கள். அதெல்லாம் ஊரில் நடப்பதுதான். நானும் என் அண்ணனும் அதற்கு மேலே ஒரு படி போனோம். எஞ்சினும் பெட்ரோல் டேங்கும் அவருக்கு. சட்டமும் சக்கரங்களும் சைலன்சரும் எனக்கு.

அது இரண்டு சக்கரக் குட்டி வண்டி. குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர் தோட்டத்துக்குள் சுற்றி வருவதற்கு வைத்திருந்தது. அவர் வேலையை விட்டுப் போகும்போது அப்பா வாங்கி வந்தார். இடுப்புயரம்கூட இருக்காது. சக்கரம் சோற்றுப்பானை மூடியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடிக்கும். நாங்கள் இருவரும் அதில் ஏறிச் சுருளிப்பட்டிச் சாலையில் போனால், திராட்சை பறிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தோம். அதன் சத்தம் அப்படி. குடத்தில் தண்ணீர் நிரம்பும்போது ஒரு குளகுளப்பு கேட்குமே, அந்த மாதிரி அடங்கிய சத்தம். நூறு வண்டிக்கு நடுவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பல பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

அப்பா இறந்த மறு வருடம் பாகம் பிரித்தோம். கிழக்குத் தோட்டமா மேற்குத் தோட்டமா என்பதில் ஆரம்பித்த சண்டை, அப்பாவைக் கடைசியில் யார் பார்த்துக்கொண்டது என்பதில் போய் நின்றது. மூன்று நாள் பேசி எல்லாம் முடிந்த பிறகு இந்த வண்டி மிச்சமிருந்தது. எனக்கு வேண்டும் என்றேன். அண்ணன் தனக்கு வேண்டும் என்றார். பேச வந்த பெரியவர் ஒருவருக்குச் சலித்துவிட்டது.

"அப்ப அதையும் ரெண்டா வெட்டிக்கங்கப்பா. எங்களுக்கு வேற சோலி இல்லையா?"

அவர் கோபத்தில் சொன்னது. அண்ணன் எழுந்து போய் ஸ்பேனர் பையை எடுத்து வந்தார்.

அரை மணி நேரம் ஆனது. வண்டி சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். அவர் கையை நீட்டினால் எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தேன். நடுவில் ஒரு நட்டு உருண்டோடியது. இருவரும் குனிந்து தேடினோம், அவர்தான் கண்டெடுத்தார். சைலன்சர் யாருக்கு என்று ஒரு பேச்சு வந்தது. அது சட்டத்தோடு சேர்ந்தது என்று பெரியவர்கள் முடிவு சொன்னார்கள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். என் பந்தலுக்குள் நின்று பார்த்தால் அவர் மோட்டார் ரூம் தெரியும். அவருடைய இருமல்கூடக் கேட்கும். பழகிவிட்டது. ஒரு விரலில் பல நாள் ரத்த ஓட்டம் இல்லாமல் இருந்தால் அதை யாரோ ஒருவருடைய விரல் மாதிரி பார்ப்போம், அப்படித்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கவாத்து முடிந்து கொடி துளிர்க்கிற வரை கையில் வேலை இல்லை. மாட்டுக் கொட்டத்துச் சுவரில் மாட்டி வைத்திருந்த சட்டத்தை இறக்கினேன். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த வண்டியை ஓட வைக்க வேண்டும். எஞ்சினுக்காக அண்ணனிடம் போய் நிற்கக் கூடாது. ஓட வைத்து, வாய்க்கால் கரையில் அவர் தோட்டத்து வாசல் வழியாக ஒருமுறை ஓட்டிப்போக வேண்டும். அவர் பார்க்க வேண்டும். இதுதான் என் ஆசை. ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு இருக்கக்கூடிய ஆசையா இது?

டேங்குக்கு ஒரு பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு கம்பத்தில் தகர வேலை செய்கிற ஒருவரிடம் போனேன். தொட்டியும் புனலும் செய்கிறவர். மூன்று தடவை செய்தார். மூன்றாவதுதான் ஒழுகாமல் நின்றது, ஆனால் பார்க்கப் பால் கேன் மாதிரி இருந்தது. செயின் கவரை ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து நானே வெட்டினேன். கைப்பிடி ரப்பருக்குச் சொட்டு நீர்க் குழாய். எஞ்சினை மதுரையில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினேன். வேறு ஏதோ மொபெட்டுடையது. அது சட்டத்தில் உட்காரவில்லை. டிராக்டர் பட்டையை அறுத்துத் தாங்கு பிளேட் அடித்து உட்கார வைத்தேன். ஹெட்லைட்டும் மீட்டரும் இண்டிகேட்டர் மூடியும் டெல்லிப் பக்கமிருந்து கூரியரில் தேனிக்கு வந்தன. பழைய மாதிரியே புதிதாகச் செய்த சாமான்கள். போட்டோவில் அச்சாக அதே மாதிரி இருந்தன. கையில் வாங்கி நகத்தால் சுரண்டினால் பளபளப்பு உரிந்து வந்தது.

கார்புரேட்டர் கசியாமல் இருக்க அட்டையில் பேக்கிங் வெட்ட வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகைதான் அதற்கு நல்ல கனம். மேசையில் கிடந்ததை எடுத்தேன். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை அது. ஒரே மகள். பேச்சு இல்லாவிட்டாலும் சித்தப்பா என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் மனைவி போய்ச் செய்முறை செய்துவிட்டு வந்திருந்தாள். என் பெயருக்குப் பக்கத்திலேயே வட்டமாக வெட்டி, கிரீஸ் தடவி, போல்ட்டை இறுக்கினேன். மனசில் ஒன்றும் ஓடவில்லை. பேக்கிங் நன்றாக உட்கார்ந்தது.

வண்டி ஓடியது. சத்தம்தான் வரவில்லை. சைலன்சர் அதே பழைய சைலன்சர். ஆனால் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருந்தது. உள்ளே கண்ணாடிப் பஞ்சு அடைத்தேன். லேத் பட்டறையில் கொடுத்துத் துளை போட்டேன், பிறகு துளையை அடைத்தேன். லேத் பட்டறைக்காரர் ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டார்.

"அண்ணே, சத்தம் எஞ்சின்ல இருக்கு. சைலன்சரைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துறீக? உங்க அண்ணன்கிட்ட அந்த எஞ்சினைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. ஒரு நாள் வேலை."

"அதைத் தவிர வேற ஏதாச்சும் சொல்லு."

எனக்கு எரிச்சல் மூட்ட இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையானால் அண்ணன் தோட்டத்தில் மருந்தடிக்கிற எஞ்சின் அலறும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், காது கிழியும். திராட்சைக்கு மருந்து அடிப்பது புதிதல்ல, ஆனால் வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைதான் அடிக்க வேண்டுமா? நான் கொட்டத்தில் உட்கார்ந்து என் வண்டியின் சத்தத்தைக் காதால் அளந்துகொண்டிருக்கும்போதுதான் அது கத்தும். வேண்டுமென்றே செய்கிறார் என்று திட்டுவேன். மனைவி ஒருநாள், "மருந்துதான்னா வாடை வரணுமேங்க, வரவே இல்லையே" என்றாள். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது, போய் வேலையைப் பார் என்றேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன். டேங்குக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் காய்ந்திருந்தது. சத்தம் இன்னும் சரியில்லை, இருந்தாலும் போதும் என்று தோன்றிவிட்டது. வாய்க்கால் கரையில் திரும்பியதுமே அவரைப் பார்த்துவிட்டேன். வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் கறுப்பாக இருந்தன, கழிவு நூலால் துடைத்துக்கொண்டிருந்தார். மருந்தடிக்கிற எஞ்சின் மக்கர் செய்திருக்கும் என்று நினைத்தேன். நான் பக்கத்தில் வரவர அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டு போய்விட்டேன்.

அதுதான் நான் ஆசைப்பட்டது. நடந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வண்டியைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

மூன்றாம் வாரம் அண்ணன் இறந்துபோனார். கொடி கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பந்தல் காலில் சாய்ந்தாராம். சொல்லி அனுப்பினார்கள். நல்லதற்குப் போகாவிட்டாலும் துட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. போனேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தேன். ஆண் வாரிசு இல்லாததால் கொள்ளி வைக்கிறது யார் என்ற பேச்சு வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொட்டை போட்டேன், மீசையை எடுத்தேன். குடத்தைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள், போனேன். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் போல இருந்தது. கன்னம் இருக்கிறது, கிள்ளினால் தெரியவில்லை. அழவில்லையே என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மதினி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கன வாங்க. ஒன்னு இருக்கு."

மோட்டார் ரூமைத் திறந்துவிட்டார். மாமரப் பலகையில் நாலு கால் அடித்து ஒரு தாங்கு. அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கி அந்த எஞ்சின் உட்கார்ந்திருந்தது. மேலே மதினியின் பழைய சேலைத் துணி போர்த்தியிருந்தது. சுவரில் ஆணியடித்து டேங்கைத் தொங்கவிட்டு, டியூப் இழுத்து, கார்புரேட்டருக்குக் கொடுத்திருந்தார். டேங்கில் அப்பா காலத்துப் பெயிண்ட் அப்படியே இருந்தது. ஒரு துளி தூசி இல்லை.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து உதைச்சு ஓட விடுவாக. ஓடாமக் கெடந்தா பிடிச்சுக்கிரும்பாக. தம்பி என்னைக்காச்சும் கேட்டு வருவான், வர்றப்ப ஓடுற எஞ்சினாக் குடுக்கணும்பாக."

நான் துணியைப் பிடித்தபடி நின்றேன்.

"குடுத்து விட்டிருக்கலாமே மதினி."

"நானும் சொல்லாத நாளில்ல. அவன் வந்து கேக்கட்டும்னுட்டாக."

ஞாயிற்றுக்கிழமை மருந்து எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைலன்சர் என்னிடம் இருந்தது. அது இல்லாத எஞ்சின் அப்படித்தான் அலறும். லேத் பட்டறைக்காரரைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். நூறு வண்டிக்கு நடுவில் கண்டுபிடிப்பேன் என்று பீற்றிய நான், வாரா வாரம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து அது கூப்பிட்டபோது திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மைல் தள்ளியிருக்கிற பட்டறைக்கு எத்தனை தடவை அலைந்தேன். நாலடி வாய்க்காலைத் தாண்டவில்லை.

எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் மதினி. எடுக்கவில்லை. அன்றைக்கும் அழுகை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கமிருந்து சத்தம் இல்லை. இல்லாமல் இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் அதே நேரத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கொட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் வண்டியிலிருந்து சைலன்சரைக் கழற்றினேன். அடைத்திருந்த பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். போட்ட துளைகளைத் தகரம் வைத்து ஏற்கெனவே அடைத்திருந்தேன், அது இருக்கட்டும் என்று விட்டேன். அதைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினேன்.

எஞ்சினில் பொருத்தினேன். இரண்டு நட்டு, ஒரு கிளாம்ப். அளவு எடுக்க வேண்டியிருக்கவில்லை, தட்ட வேண்டியிருக்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது.

அதே சத்தம். குளகுளவென்று அடங்கி, அறைக்குள்ளேயே சுற்றியது.

மதினி வீட்டிலிருந்து வேகமாக வந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டே வாசலில் நின்று என்னையும் எஞ்சினையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சத்தம் வேற மாதிரி கேக்குது? ஏதும் கெட்டுப்போச்சா?"

"இல்ல மதினி. இதுதான் இதோட சத்தம்."

அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவுக ஓட்டுறப்ப ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லையே" என்றார்.

பதினோரு வருடம் அண்ணன் இந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஊசி மரப்பு தெளிந்த கன்னம் வலிக்கத் தொடங்குவது மாதிரி எங்கோ ஓரத்தில் வலித்தது. கையை நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று தெரியவில்லை, ஸ்பேனர் எதுவும் தேவைப்படவில்லை. எஞ்சினை நிறுத்துவதற்கு மனசு வரவில்லை. அண்ணன் ஊற்றி வைத்திருந்த பெட்ரோல் தீர்கிற வரை ஓடட்டும் என்று பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.