அக்காவின் ஏழு வரிப் புகார்

எனக்குக் கோபம் வந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுவேன். அக்காவுக்கு வந்தால் முதலில் பென்சிலைச் சீவுவாள்.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அக்காவுக்குப் பதினாறு வருடமாகச் செக்கிங் வேலை. காலர் ஒரு நூல் அளவு கோணினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு கட்டுச் சட்டைகளில், அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சூப்பர்வைசர் சட்டை சரி என்பதற்கு அவள் குத்தும் முத்திரையை எடுத்துக் குத்தி லாரியில் ஏற்றிவிட்டான். அவனை அவன் என்றுதான் எழுதுவேன். சரக்கு திரும்பி வந்தபோது பழி அக்காவின் தலையில் விழுந்தது. நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். முப்பது நாளுக்குள் எழுத்தில் புகார் தந்தால் விசாரிப்போம் என்றது நிர்வாகம். தராவிட்டால் அந்த மேசையே நிரந்தரம்.

அன்று மாலையே அக்கா எழுத உட்கார்ந்தாள். "மதிப்பிற்குரிய" என்று எழுதி, எழுத்து சாய்ந்திருக்கிறது என்று அழித்தாள். மறுநாள் அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். அதற்கடுத்த நாள் புதுத் தாள் வாங்கினாள்; கோடு போட்டதுதான் வேண்டும் என்று மாற்றி வாங்கினாள். சோம்பேறி என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அவளைப் போல ஓடியாடி உழைப்பவர்கள் யாருமில்லை. ஒரு சொல் பிசகினாலும் அதைப் பிடித்துக்கொண்டு அவன் தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிடுவான் என்று அவளுக்குப் பயம். ஊரார் சட்டையில் பிழை தேடிப் பழகிய கண், சொந்த வாக்கியத்தையும் விட்டுவைக்கவில்லை. இருபத்தொன்பது நாள் இப்படியே ஓடிவிட்டது.

நானும் அங்கேதான் பேக்கிங்கில் இருக்கிறேன். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் யாரிடமோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டினேன்.

"அவ எழுதி முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயரே ஆயிடுவேன்னு சொல்றான்க்கா. நீ இப்படித்தான்னு தெரிஞ்சுதான் உன் முத்திரையில கை வச்சிருக்கான்."

அக்கா பென்சிலைச் சீவ எடுத்தாள். நான் அழிரப்பரையும் பென்சிலையும் ஜன்னல் வழியாக விட்டெறிந்து, பேனாவை அவள் கையில் திணித்தேன்.

"அசிங்கமாவே எழுது. அவன் பண்ணினதவிட அசிங்கமா இருக்காது."

எழுதினாள். மொத்தம் ஏழு வரி, மூன்று அடித்தல், ஒரு எழுத்துப்பிழை. அவன் முத்திரை குத்தியதைப் பார்த்த இரண்டு பேரின் பெயர் அதில் இருந்தது. மறுநாள் காலை, கடைசி நாளில், அதை அலுவலகத்தில் கொடுத்தாள்.

நிர்வாகம் அவனிடம் ஏழு நாளில் விளக்கம் கேட்டது; தராவிட்டால் புகாரே உண்மை என்று எடுத்துக்கொள்வோம் என்றது. ஆறு நாள் அவன் பேனாவையே தொடவில்லை என்று கேள்வி. ஏழாம் நாள் இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று மன்றாடினான். புகார் கொடுத்தவர் சம்மதித்தால் தரலாம் என்றார்கள். அதனால் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு நூல் வெட்டும் மேசைக்கே வந்து நின்றான்.

"ஒரு வாரம் டைம் குடும்மா. யோசிச்சு எழுதணும். உனக்குத் தெரியாததா?"

அக்காவுக்குத் தெரியாமல் என்ன? படிவத்தை வாங்கிச் சட்டைக் குவியலின் மேல் வைத்து, "சம்மதம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் இருக்கே சார். போய் எழுதுங்க."

ஐந்து மணிவரை அவன் எதுவும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அக்கா செக்கிங்குக்குத் திரும்பினாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசித்ததைப் போல வேறு என்றைக்கும் ருசித்ததில்லை.