பதினாறாவது டப்பா

ஆடி இருபத்திரண்டு, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள், பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். நல்ல வெயில், மேற்கிலிருந்து புழுதிக்காற்று. எனக்குப் பத்து வயது முடிந்து நான்கு மாதம். சங்கரன்கோவிலில் ஒரு தியேட்டரில் மாமா ஆபரேட்டர். படப்பெட்டியில் ரீல் டப்பாக்களை எண்ணிச் சொல்வது என் பொறுப்பு. நான் எண்ணினால் தப்பாது என்று வீட்டில் பெயர்.

அன்று பதினைந்துதான் இருந்தன. "பதினாறு மாமா" என்றேன்.

பதினாறாவது, எங்கள் தொழுவத்தில் பருத்திக்கொட்டைச் சாக்குக்குள் இருந்தது. காலையில் நான்தான் கொண்டுபோய்ப் புதைத்தேன். அதில்தான் அவர் செத்துப்போகிறார்.

பன்னிரண்டு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஏழு வருஷம் பெண் வேஷம் கட்டி, பிறகு பத்தொன்பது படங்களில் கதாநாயகனாக நடித்தவர் அவர். ஒன்றில்கூடச் சாகவில்லை. இருபதாவதைச் சொந்தமாகத் தயாரித்தார், செத்தார். தபசன்று அதைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் போலத் தலைக்குக் குளித்தாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. "ஏட்டி, படத்துலதானே செத்தாரு" என்று சொன்ன ராயகிரிப் பெரியம்மாவும் சற்று நேரம் கழித்துக் குளித்தாள்.

அன்றைய ஆட்டத்தில் பதினோராவது ரீல் ஓடும்போது தியேட்டர் வாசலில் கார் வந்து நின்றது. அவரேதான்.

பதினைந்தாவது ரீல், அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைவதோடு முடியும். மாமா பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"ஏலே மருமவனே, பதினாறுன்னுதானல சொன்ன?"

"ஆமா மாமா."

வேறு வழியில்லாமல் விளக்கைப் போட்டார். கீழே ஒரே கைதட்டல், விசில். சனம் சந்தோஷமாகக் கலைந்தது.

அவர் மட்டும் மாடியேறி வந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். மூச்சு வாங்கியது.

"கடைசி ரீல் எங்க தம்பி?" என்று மாமாவிடம் கேட்டார்.

"காணல ஐயா. எங்கன போச்சுன்னே தெரியல."

"எல்லா ஊர்லயும் அதைக் கழட்டிட்டாங்க. இங்கதான் முழுசா ஓட்டுறாங்கன்னு கேள்விப்பட்டு வந்தேன்" என்றார். பிறகு, "அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வீட்டை அடகு வச்சேன்."

எங்கள் வீடு நான்கு தெரு தள்ளி. ஓடினால் ஆறு நிமிடம். நான் அசையவில்லை. அவர் என் தலையைத் தடவிவிட்டு, பதினேழு படிகளையும் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். அவரைச் சாவிலிருந்து காப்பாற்றியது நான்தான் என்று அவருக்குத் தெரியாதே என்பது மட்டும்தான் அன்று என் வருத்தம்.

மாமாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பிடித்தார்கள். அதன்பின் டப்பாவை வெளியே காட்டப் பயம். அவர் மறுபடி சொந்தப் படம் எடுக்கவில்லை. அப்பா வேஷம் எட்டு, அப்புறம் அதுவும் இல்லை.

அந்தப் படத்தின் பிரதி எங்குமே இல்லை என்று போன வருஷம் பத்திரிகையில் படித்தேன். நான் ஒளித்தது மட்டும் மிச்சம். துருப்பிடித்து, புளித்த வாடை அடித்தது. சென்னைக்கு அனுப்பி, செல்போனில் பார்க்கும்படி மாற்றி வாங்கினேன். ஒன்பது நிமிடம் ஐம்பது வினாடி. வசனமே கிடையாது. அவ்வளவு நன்றாக ஒருவர் செத்து நான் பார்த்ததில்லை. மூன்று தடவை பார்த்தேன். பிறகு போய்த் தலைக்குக் குளித்தேன்.

கூரியரோடு சேர்த்துப் பதினான்காயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.